வீட்டிற்குள் ஓர் ஆபீஸ்

சென்ற திங்கள் சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்து, வாயிலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தோம். ஸ்ரீராமபுரத்துப் பெரியவர் ஒருவர் நம்மைத் தூணருகே அழைத்து நிறுத்தினார். அவருடைய மகன் பி.காம். தேறியவன். இரண்டாண்டு ஒரு கம்பெனியில் கணக்கு எழுதினான். இப்போது அதை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தபடியே ப்ரீலான்ஸ் செய்யப் போவதாகச் சொல்கிறானாம்.

"தம்பி, நீங்கள் ரெயில்வேயில் இருப்பவர், உலகம் தெரிந்தவர். இது உத்தியோகந்தானா? அல்லது வேலையில்லை என்பதற்கு இங்கிலீஷில் ஒரு பெயரா? பெண் வீட்டார் கேட்டால் நான் எந்த ஆபீஸ் என்று சொல்வது?" என்றார்.

ரெயில்வேயில் இருப்பவனுக்கு உலகம் தெரியும் என்று பெரியவர் எப்படிக் கண்டாரோ, அறியோம். நமக்குத் தெரிந்த உலகம் பார்சல் ஆபீசின் நான்கு சுவர்களுக்குள் அடங்கும். எனினும் அவர் கேட்ட கேள்வி நமக்குப் புதிதன்று. நம் தமக்கையின் மகள் இதே தொழிலில் மூன்றாண்டுகளாக இருக்கிறாள். அவள் முன்னேறியதில் நமக்குள்ள பங்கு சிறிது. அவள் ஒரு முறை நஷ்டப்பட்டதிலோ நமக்குள்ள பங்கு பெரிது. அதனால் இவ்விஷயத்தை இத்திங்கள் எழுதத் துணிந்தோம்.

ஜோலார்பேட்டை மார்க்கமாக ரெயிலேறி இந்நகரில் இறங்கிய நம்மவர்க்கு உத்தியோகம் என்றால் ஒரு வாயில், ஒரு மணியோசை, முதல் தேதியில் ஒரு சம்பளம். மில்லில் சங்கு ஊதும். தொழிற்சாலைப் பஸ் தெருமுனையில் வந்து நிற்கும். நம்மையே எடுத்துக்கொள்ளுங்கள். மெட்ரிகுலேஷனோடு படிப்பு நின்றது. தந்தையார் பணியிலிருக்கும்போதே காலமானார். கருணை அடிப்படையில் நமக்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. அவ்வேலை இல்லையேல் நம் குடும்பம் எங்கே இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கவும் அஞ்சுவோம். ஆகவே வாயிலும் மணியும் இல்லாத வேலையைக் கண்டு பெரியவர் கலங்குவதில் வியப்பில்லை. நாமும் கலங்கியவரே.

ப்ரீலான்ஸ் என்னும் சொல்லின் பிறப்பை ஒரு நண்பர் நமக்கு விளக்கினார். லான்ஸ் என்றால் வேல். எந்த அரசனுக்கும் நிரந்தரமாகக் கட்டுப்படாமல், கூலி கொடுப்பவனுக்காகப் போர் செய்யும் வேல்வீரரைக் குறித்து, வால்டர் ஸ்காட் 1819-இல் வெளியிட்ட 'ஐவன்ஹோ' என்னும் நாவலில் இச்சொல் வருகிறதாம். வேல் போய் இப்போது கணினி வந்திருக்கிறது. கூலி கொடுப்பவனை வீரனே தேடிக்கொள்ள வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை.

கடல் கடந்தவர்க்கு இங்கிருந்தே வேலை செய்து அனுப்புவது இந்நகருக்குப் பழகிய காரியமே. டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்னும் அமெரிக்கக் கம்பெனி 1985-இல் இங்கே வந்து, செயற்கைக்கோள் தொடர்பு வழியாகத் தன் தாய்நாட்டுக்கு வேலையை அனுப்பியது. அது குடியேறிய மில்லர்ஸ் ரோடு சோனா டவர்ஸ் கட்டடம் சேலத்து வள்ளியப்பா குடும்பத்தாருடையது என்பதை நம் வாசகர்கள் மகிழ்ச்சியோடு குறித்துக்கொள்ளலாம். அன்று ஒரு பெரிய கம்பெனிக்கே வாய்த்த அவ்வசதி இன்று ஓகலிபுரத்து மாடி வீட்டில் மாத வாடகைக்குக் கிடைக்கிறது. மாறியது அவ்வளவே. ஆனால் கம்பெனி வருகையில் தன் பெயரையும் வாடிக்கையாளரையும் உடன் கொண்டுவந்தது. மாடி வீட்டுப் பெண்ணுக்கு அவ்விரண்டும் இல்லை.

அக்குறையைத் தீர்க்கவே இணையச் சந்தைகள் தோன்றின. ஈலான்ஸ், ஓடெஸ்க் என்று இரண்டு இருந்தன. அவை 2013-இல் இணைய முடிவு செய்து, 2015 முதல் அப்வொர்க் என்னும் பெயரில் நடக்கின்றன. இஸ்ரேலில் 2010-இல் தொடங்கிய ஃபைவர் மற்றொன்று. வேலை கொடுப்போரும் செய்வோரும் அங்கே கூடுவர். சந்தைக்காரர் இடையில் நின்று பணத்தை வாங்கிக் கொடுத்து, தம் கமிஷனை எடுத்துக்கொள்வர். ஃபைவர் ஐந்தில் ஒரு பங்கு எடுக்கிறது. அப்வொர்க் 2023-லிருந்து பத்தில் ஒரு பங்கு எடுத்தது; 2025 முதல் வேலைக்குத் தக்கபடி 15 விழுக்காடு வரை எடுக்கிறது.

நம் தமக்கை மகள் 2023-இல் இதில் இறங்கினாள். குழந்தை பிறந்த பின் ஆபீசுக்குச் சென்று வர நாளுக்கு மூன்று மணி நேரம் பஸ்ஸிலேயே கழிந்தது. இந்நகரத்துச் சாலைகளைப் பற்றி நாம் ஒன்றும் எழுதப்போவதில்லை; பத்திரிகையில் இடம் போதாது. அவள் கற்றிருந்தது டாலி. உள்ளூர்க் கடைக்காரருக்கு அது போதும். வெளிநாட்டார்க்கு வேறு மென்பொருள் வேண்டும் என்றறிந்து, நியூசிலாந்தில் 2006-இல் தோன்றிய ஸீரோ என்னும் கணக்கு மென்பொருளை நான்கு மாதம் இரவில் கற்றாள். ஆஸ்திரேலியக் கடைக்காரர்களைக் குறிவைத்தாள். ஏன் ஆஸ்திரேலியா என்று வினவினோம்.

"அமெரிக்காவுக்கு வேலை செய்தால் நடு இரவில் பேச வேண்டும், மாமா. சிட்னி நமக்கு நாலரை மணி முன்னே போகிறது. அவர்கள் கோடையில் ஐந்தரை. விடியற்காலையில் எழுந்தால் போதும். குழந்தை விழிக்கும்முன் பாதி வேலை முடியும்" என்றாள்.

அவ்வூரிலும் ஜி.எஸ்.டி. உண்டு, 10 விழுக்காடு. அவர்களுடைய கணக்கு ஆண்டு ஜூலையில் தொடங்குகிறது. சிறு கடைக்காரர் பெரும்பாலும் மூன்று மாதத்துக்கொரு முறை அரசுக்குக் கணக்குக் காட்டுவர். கூலி பெற்றுக்கொண்டு அக்கணக்கைத் தாக்கல் செய்ய அங்கே பதிவு பெற்றவர்க்கே உரிமை. ஆகவே இவள் வரவு செலவைப் பதிந்து, வங்கிக் கணக்கோடு ஒத்துப் பார்த்துக் கொடுப்பதோடு நிற்பாள். எது தன் வேலை, எது தன் வேலையன்று என்று முதலிலேயே கூறிவிடுவாள். அதனாலேயே சிலர் அவளிடம் நம்பிக்கை வைத்தனர் என்று நாம் கருதுகிறோம்.

ஆனால் அந்த நம்பிக்கை எளிதில் வந்துவிடவில்லை. அச்சந்தையில் ஒரு வேலைக்கு விண்ணப்பிக்கவும் காசு. கனெக்ட் என்னும் சீட்டுகளை வாங்க வேண்டும். ஒன்று 15 சென்ட். ஒரு விண்ணப்பத்துக்குப் பல சீட்டுகள் பிடிக்கும். அவள் 62 விண்ணப்பங்கள் அனுப்பினாள். நான்கு பேர் பதில் எழுதினர். ஒருவர் வேலை கொடுத்தார். அதுவும் மணிக்கு நான்கு டாலர். தமக்கையின் கணவர், "ரெயில்வே பரீட்சைக்கு எழுதிப்போட்டிருந்தால் இந்நேரம்..." என்று நாள்தோறும் தொடங்குவார். வாக்கியத்தை ஒருநாளும் முடித்ததில்லை.

முதலில் எல்லார்க்கும் ஒரே கடிதத்தை அனுப்பினாளாம். பிறகு, விளம்பரம் செய்தவர் என்ன கடை வைத்திருக்கிறார், எந்தச் சிக்கலைச் சொல்கிறார் என்று படித்து, அதற்கு மட்டும் ஆறு வரியில் விடை எழுதினாள். தன் பெருமையை எழுதவில்லை. 'உங்கள் வங்கிக் கணக்கும் பேரேடும் ஒத்துப்போகாததற்கு இந்த மூன்று காரணங்களில் ஒன்று இருக்கலாம். முதலில் இதைப் பாருங்கள்' என்று எழுதினாள். ஒரு பூக்கடைக்காரரும் குழாய் வேலை செய்பவர் ஒருவரும் அவ்வாறு கிடைத்தனர். அவர்கள் எழுதிய நற்சான்று அடுத்தவரைக் கொண்டுவந்தது. ஓராண்டில் மணிக்கு எட்டு டாலராயிற்று.

இனி நம் பிழையைச் சொல்ல வேண்டும்.

2024-இல் ஒருவர் அவளிடம் மூன்று வார வேலை பேசினார். கூலி 420 டாலர். "சந்தை வழியாக ஏன்? நேரே அனுப்பிவிடுகிறேன், உமக்குக் கமிஷன் மிச்சம்" என்றார். அவள் தயங்கி நம்மிடம் கேட்டாள். குமாஸ்தா புத்தி உடனே பென்சிலை எடுத்தது. பத்தில் ஒன்று 42 டாலர். அன்றைய மதிப்பில் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு அருகில். "ஒருவனும் ஒரு வேலையும் செய்யாமல் இதை எடுத்துக்கொள்வானேன்? நேரே வாங்கிக்கொள், அம்மா" என்றோம். அவள் வேலையை முடித்து அனுப்பினாள். அதன்பின் அந்த மனிதர் பதிலெழுதவில்லை. இன்றுவரை எழுதவில்லை.

சந்தையில் முறையிடவும் வழியில்லை. அங்கே அறிமுகமானவரிடம் இரண்டாண்டுக்குள் வெளியே பணம் வாங்குதல் விதிமீறல். முறையிட்டால் இவள் கணக்கையே மூடலாம். அந்தப் பத்தில் ஒரு பங்கு எதற்கு என்று நமக்கு அப்போதுதான் விளங்கிற்று. மொத்தக் கூலி பேசிய வேலையாயின், கொடுப்பவர் பணத்தை முன்னரே சந்தைக்காரரிடம் கட்டிவைக்க வேண்டும். வேலையை ஒப்படைத்தபின் 14 நாள்வரை அவர் வாய் திறவாவிட்டால் பணம் தானே விடுதலையாகும். மணிக்கணக்கு வேலையாயின், பத்து நிமிடத்துக்கொரு முறை கணினித் திரையைப் படமெடுக்கும் கருவியை இயக்கிக்கொண்டு செய்தால் கூலிக்குப் பாதுகாப்பு உண்டு. பார்சல் ஆபீசில் ரசீது இல்லாமல் மூட்டையை ஏற்றாதே என்று பிறர்க்குப் பன்னிப் பன்னிச் சொல்பவர் நாம். சொந்த வீட்டுப் பெண்ணை ரசீது இல்லாமல் மூட்டை ஏற்றச் சொன்னோம்.

அந்தப் பணம் குழந்தையின் பள்ளிக் கட்டணத்துக்கு வைத்த பணம். நாம் ஈடு செய்வதாகச் சொன்னோம். அவள் வாங்க மறுத்தாள். "பணம் வேண்டாம், மாமா. மாதம் ஒரு ஞாயிறு வந்து என் ரசீதுகளைக் கோர்த்துக் கொடுங்கள்" என்றாள். அன்றுமுதல் அவள் வீட்டில் நாம் சம்பளமில்லாக் குமாஸ்தா. அரசுப் பணியாளர் வேறு தொழில் செய்யலாகாது என்னும் விதி நமக்கு மனப்பாடம். ரசீது கோர்ப்பதற்குக் கூலி காப்பிதான்.

கோர்த்துக் கோர்த்து நாம் அறிந்தவற்றையும் எழுதிவிடுகிறோம். மாதச் சம்பளக்காரர்க்கு வரியை முதலாளியே பிடித்துக் கட்டுவார். இத்தொழிலில் தாமே கட்ட வேண்டும். எனவே வந்த பணம் முழுவதும் தம்முடையதென்று எண்ணலாகாது. ஒரு பங்கைத் தொடாமல் வேறு கணக்கில் ஒதுக்க வேண்டும். ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவும் உண்டு. வெளிநாட்டுப் பணம் வங்கிக்கு வந்ததற்கான சான்றை ஒவ்வொரு முறையும் பத்திரப்படுத்த வேண்டும். பிராவிடன்ட் பண்டு இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, நம்மைப்போல் ரெயில் பாஸும் இல்லை. தேசிய ஓய்வூதியத் திட்டம் 2009 முதல் பொதுமக்கள் எல்லார்க்கும் திறந்திருக்கிறது. அவள் அதில் சேர்ந்திருக்கிறாள். கர்நாடக அரசு இத்தகைய தொழிலாளர் நலனுக்கென 2025-இல் ஒரு சட்டம் இயற்றியது. ஆனால் அது பெரும்பாலும் வண்டி ஓட்டுவோரையும் உணவு கொண்டு சேர்ப்போரையும் மனத்திற்கொண்டது. சிட்னிப் பூக்கடைக்குக் கணக்கெழுதும் பெண் அதை நம்பி முதுமைக்குச் சேமியாதிருத்தல் ஆகாது.

இன்னொரு கலக்கமும் உண்டு. சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்தபின், சிறு கட்டுரை எழுதுதல், எளிய மொழிபெயர்ப்பு முதலிய வேலைகள் சந்தையில் மெலிந்துவிட்டன. அவளுடைய தோழி ஒருத்தி தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்த்துப் பிழைத்தவள். இப்போது இயந்திரம் பெயர்த்ததைத் திருத்துகிறாள், பாதிக் கூலிக்கு. கணக்கிலும் பில்லைப் படித்துப் பதியும் வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டு வருகிறது. "பதிவது போகும் மாமா. ஏன் இந்த மாதம் காசு குறைந்தது என்று கடைக்காரர் கேட்பார் அல்லவா, அதற்குப் பதில் சொல்பவள் இருப்பாள்" என்கிறாள். அவள் சொல்வது சரியாக இருக்கட்டும் என்று வேண்டுகிறோம். உறுதி கூற நமக்கு அறிவு போதாது.

பெரியவரிடம் தூணருகே நாம் இவ்வளவும் சொல்லவில்லை. "மகன் வேலையை உடனே விட வேண்டாம். மாலையிலும் விடுமுறையிலும் ஆறு மாதம் செய்து பார்க்கட்டும். இப்போதைய கம்பெனியின் விதி அதற்கு இடம் தருகிறதா என்று முதலில் கேட்கட்டும். ஆறு மாத வீட்டுச் செலவு கையில் சேர்ந்தபின் விடட்டும்" என்றோம். பெண் வீட்டாரிடம் என்ன சொல்வது என்று மீண்டும் கேட்டார். "சம்பளச் சீட்டு இல்லாவிட்டால் வங்கிப் புத்தகத்தைக் காட்டுங்கள். ஓராண்டு வரவு அதில் இருக்கட்டும்" என்றோம்.

அவர் முகம் முழுவதும் தெளியவில்லை. இருப்பினும் வரும் ஞாயிறு காலை மகனை அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அன்று ரசீது கோர்க்கும் ஞாயிறு. தமக்கை வீட்டில் இட்டிலிக்கு இரண்டு ஆழாக்கு அதிகமாக ஊறவைக்கச் சொல்லியிருக்கிறோம். அந்த 420 டாலர்க் கதையை மட்டும் நாமே சொல்லிக்கொள்கிறோம் என்று அவளிடம் கேட்டு வைத்திருக்கிறோம்.