ப்ளக் இருந்தால் மட்டும் போதுமா?

நெருப்பெரிச்சலில் இருந்து சென்னை கிட்டத்தட்ட 450 கிலோமீட்டர். பெருமாநல்லூர் போய் நெடுஞ்சாலையைப் பிடித்தால் சேலம், உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் வழியாக ஏழெட்டு மணி நேரப் பயணம். இந்தத் தூரத்துக்கு ஒரு ப்ளக்-இன் ஹைப்ரிட் காரை எடுத்துக்கொண்டு, வழியில் எங்கேயுமே சார்ஜ் போடாமல் போனால் என்ன ஆகும்?

ஒன்றும் ஆகாது. கார் பாட்டுக்கு ஓடும். ஆனால் "ஒன்றும் ஆகாது" என்ற இந்தப் பதிலில்தான் அந்தக் காரின் நல்லதும் இருக்கிறது, கெட்டதும் இருக்கிறது.

முதலில் இது என்ன வண்டி என்று பார்த்துவிடலாம். இன்னோவா ஹைகிராஸ், கிராண்ட் விட்டாரா மாதிரி கார்களில் வருவது சாதா ஹைப்ரிட். சின்ன பேட்டரி, அதை இன்ஜினும் பிரேக்கும் சேர்ந்து தானாகவே நிரப்பிக்கொள்ளும். ப்ளக் கிடையாது. முழு எலக்ட்ரிக் காரில் பெட்ரோல் டேங்க்கே கிடையாது. ப்ளக்-இன் ஹைப்ரிட் இரண்டுக்கும் நடுவில் நிற்பது. கொஞ்சம் பெரிய பேட்டரி, வீட்டில் மாட்டி சார்ஜ் போட ஒரு ப்ளக், கூடவே இன்ஜினும் பெட்ரோல் டேங்க்கும். பெரும்பாலான மாடல்கள் ஒரு சார்ஜில் 40 முதல் 80 கிலோமீட்டர் வரை கரண்டிலேயே ஓடும். சீனாவின் பிஒய்டி கம்பெனி 2008 டிசம்பரில் விற்பனைக்கு விட்ட எஃப்3டிஎம் கார்தான் இந்த வகையில் தொழிற்சாலையில் மொத்தமாகத் தயாரான முதல் கார் என்று சொல்வார்கள். இந்தியாவில் இந்த வகை இன்னும் அபூர்வம். 2016-ல் வால்வோ எக்ஸ்சி90 டி8 இங்கே வந்தபோது விலை ஒரு கோடியைத் தாண்டியிருந்தது.

சரி, சென்னைப் பயணத்துக்கு வருவோம். முழு சார்ஜோடு கிளம்பினால் பெருந்துறையைத் தாண்டும்போது பேட்டரி தீர்ந்துவிடும். மிச்சம் 400 கிலோமீட்டர் அது வெறும் ஹைப்ரிட் கார். அதுவும் நூறு, இருநூறு கிலோ கூடுதல் சுமையைச் சுமக்கும் ஹைப்ரிட். நான்குவழிச் சாலையில் பிரேக் போடும் வேலையே குறைவு என்பதால் பிரேக்கில் இருந்து பேட்டரிக்குத் திரும்பி வரும் மின்சாரமும் குறைவுதான்.

வழியில் நிறுத்தி சார்ஜ் போடலாமே என்றால், இந்தக் கார்களில் பெரும்பாலானவை வேகமான சார்ஜரை ஏற்காது. இரண்டு, மூன்று மணி நேரம் ஓட்டல் வாசலில் காத்திருந்து அடுத்த 50 கிலோமீட்டருக்கு மின்சாரம் ஏற்றுவது புத்திசாலித்தனமா? சில கார்களில் ஓடும்போதே இன்ஜினை வைத்து பேட்டரியை நிரப்ப ஒரு பட்டன் இருக்கிறது. அது அதைவிட மோசம். பெட்ரோலை எரித்துக் கரண்ட் எடுத்து, அந்தக் கரண்டில் மோட்டாரை ஓட்டினால் ஒவ்வொரு கட்டத்திலும் நஷ்டம். ஈ.பி. கரண்ட் இருக்கும்போது எந்த பனியன் கம்பெனியாவது ஜெனரேட்டர் ஓட்டுமா?

ஆக, நெடும்பயணத்தில் சார்ஜ் போடாமல் ஓட்டுவது தப்பே இல்லை. பெட்ரோல் டேங்க் வைத்திருப்பதே அதற்காகத்தான். தப்பு நடக்கும் இடம் வேறு.

ஒரு சின்னக் கணக்கு. நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனி முதலாளியிடம் இப்படி ஒரு கார் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வீடு, கம்பெனி, சாயப்பட்டறை, பேங்க் என்று தினம் 40 கிலோமீட்டர். மாதம் 25 நாள். வருஷத்துக்கு 12,000 கிலோமீட்டர். மாதம் ஒருமுறை சென்னை போய்வர 900 கிலோமீட்டர். வருஷத்துக்கு 10,800. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், பெட்ரோலில் ஓடும்போது மைலேஜ் 15, மின்சாரத்தில் 100 கிலோமீட்டருக்கு 20 யூனிட், யூனிட் 10 ரூபாய் என்று கொள்வோம்.

தினசரி ஓட்டம் முழுக்கப் பெட்ரோலில் என்றால் 800 லிட்டர், 80,000 ரூபாய். ராத்திரி ப்ளக்கை மாட்டினால் 2,400 யூனிட், 24,000 ரூபாய். மிச்சம் 56,000.

சென்னைப் பயணம்? கிளம்பும் ராத்திரி மட்டும் சார்ஜ் போட்டால் ஒவ்வொரு முறையும் 50 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் மிச்சம். வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் 2,800 ரூபாய்.

56,000 எங்கே, 2,800 எங்கே! கார் மிச்சம் பிடித்துக் கொடுப்பது நெடுஞ்சாலையில் அல்ல, வீட்டு வாசலில். அதைத் தினமும் மாட்டுகிற கைதான் உண்மையான தொழில்நுட்பம்.

அந்தக் கை மாட்டுகிறதா என்பதுதான் கேள்வி. பிரிட்டனில் கம்பெனிகள் வரிச்சலுகைக்காக இந்தக் கார்களை வாங்கி ஊழியர்களுக்குக் கொடுத்தன. காலனுக்குச் சுமார் 130 மைல் என்று விளம்பரம் செய்யப்பட்ட கார்கள் உண்மையில் 40 மைல் அளவுக்கே கொடுத்தன என்று கம்பெனிக் கார்களின் எரிபொருள் கணக்குகளை ஆராய்ந்தவர்கள் 2018-ல் வெளியிட்டார்கள். சில கார்களில் சார்ஜிங் கேபிள் பிரிக்கப்படாத உறையோடு டிக்கியிலேயே கிடந்ததாம்! அந்த வருஷக் கடைசியிலேயே அங்கே இவ்வகைக் கார்களுக்கான வாங்கும் மானியம் நின்றுபோனது. 2024 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்ட அறிக்கையும் இதையேதான் சொன்னது. 2021-ல் பதிவான கார்களின் கணக்குப்படி, ப்ளக்-இன் ஹைப்ரிட்கள் வெளியிடும் கரியமில வாயு ஆய்வுக்கூட அளவைப்போல சராசரியாக மூன்றரை மடங்கு. சாதாரணப் பெட்ரோல், டீசல் கார்களில் இந்த வித்தியாசம் 20 சதவீதம் போலத்தான்.

ஏன் மாட்டவில்லை? சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். காரணம் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. பெட்ரோல் பில் கம்பெனி கணக்கு. வீட்டுக் கரண்ட் பில் சொந்தக் கணக்கு. அடுத்தவர் காசில் பெட்ரோல் கிடைக்கும்போது தன் காசில் யார் மின்சாரம் போடுவார்கள்? நம் ஊரிலும் இது அப்படியே பொருந்தும். மேலே சொன்ன கணக்கில் இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் கூடுதல். வீட்டு மீட்டர் 500 யூனிட்டைத் தாண்டினால் சலுகைக் கட்டணம் கையைவிட்டுப் போகும். கம்பெனி செலவில் பெட்ரோல் போடுகிறவருக்கு ப்ளக்கை மாட்டுவது நஷ்டம்!

இந்தப் பாடம் கொங்கு மண்டலத்துக்குப் புதிதல்ல. பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் நிற்கும் காற்றாலைகளைப் பார்த்தாலே போதும். ஒருகாலத்தில் காற்றாலை வாங்கினால் வருமான வரிக் கணக்கில் ஒரே வருஷத்தில் 80 சதவீதம் வரை தேய்மானம் காட்டலாம். காற்றாலை எத்தனை யூனிட் கொடுத்தது என்று அந்தச் சலுகை கேட்கவில்லை. நட்டு வைத்தால் போதும். அதைச் சரிசெய்ய 2009 டிசம்பரில் மத்திய அரசு வேறொரு வழியையும் கொண்டுவந்தது. தேய்மானச் சலுகை கோராதவர்களுக்கு, கிரிட்டுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 பைசா ஊக்கத்தொகை. நட்டதற்குக் காசு என்பது போய், சுழன்றதற்குக் காசு. 2017-ல் அந்தத் தேய்மானச் சலுகையும் 40 சதவீதமாகக் குறைந்தது.

கார் விஷயத்திலும் இந்தியா ஒருமுறை சூடு பட்டிருக்கிறது. 2015 ஏப்ரலில் தொடங்கிய ஃபேம் திட்டத்தில், ப்ளக்கே இல்லாத மைல்டு ஹைப்ரிட் கார்களுக்கும் மானியம் போனது. 2017-ல் அதை நிறுத்தினார்கள். இன்றைய நிலவரம், எலக்ட்ரிக் காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு 40 சதவீதம், ஹைப்ரிட் என்றாலும் அதே 40. இதைக் குறைக்க வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உத்தரப் பிரதேச அரசு 2024 ஜூலையில் ஸ்ட்ராங் ஹைப்ரிட், ப்ளக்-இன் ஹைப்ரிட் இரண்டுக்கும் பதிவு வரியைத் தள்ளுபடி செய்தது.

கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரே ஒரு கார் வைத்திருக்கிற வீட்டுக்கு, தினசரி ஓட்டத்துக்குக் கரண்டும் தூத்துக்குடி, சென்னைக்குப் பெட்ரோலும் என்பது நல்ல ஏற்பாடு. நடுவழியில் சார்ஜ் தீர்ந்துவிடுமோ என்ற பயமே வேண்டாம். ஆனால் சலுகையை ஷோரூமில் ப்ளக்கைப் பார்த்துக் கொடுத்தால் பிரிட்டன் கதைதான் இங்கேயும். ஓட்டத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். அளக்க முடியாது என்று சொல்ல முடியாது. ஐரோப்பாவில் 2021 முதல் புதிய கார்களிலேயே எவ்வளவு எரிபொருள் செலவானது, எவ்வளவு தூரம் கரண்டில் ஓடியது என்று பதிவாகிறது. மேலே சொன்ன மூன்றரை மடங்கு கணக்கே அதில் இருந்து வந்ததுதான். மீட்டரைப் பார்த்து வருஷா வருஷம் வரியில் கழித்துக் கொடுத்தால், ப்ளக்கை மாட்டுகிறவருக்கு மட்டும் பலன் போகும்.

சாலை வரியோ மானியமோ எதுவானாலும் அது கடைசியில் பொதுமக்கள் பணம். டிவிஎஸ் 50-க்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிற டெய்லர் கட்டும் வரியும் அதில் இருக்கிறது. டிக்கியில் சுருட்டி வைத்த கேபிளுக்கு அவர் ஏன் காசு கொடுக்க வேண்டும்?