விரல் பழக்கமும் ஒரு பூட்டு!

பல வருடம் பழகிய பனியன் கம்பெனி மேஸ்திரி, தையலைப் பார்த்ததும், "இது இன்னார் கை" என்று சொல்லிவிடுவார்.

ஒவ்வொரு கைக்கும் ஒரு பழக்கம் உண்டு. அந்தப் பழக்கத்தையே இப்போது பாங்கிக் கணக்குக்குக் காவல் வைக்கிறார்கள்!

இது அடியோடு புதிய யோசனை அல்ல. இரண்டாவது உலகப் போரில், எதிரியின் செய்தியை ஒட்டுக்கேட்ட பிரிட்டிஷார், தந்தி தட்டும் விதத்தைக் கொண்டே தட்டுகிறவரை அடையாளம் கண்டார்கள். 1980-ல் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம், டைப் அடிப்பதிலும் ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டா என்று சோதித்துப் பார்த்தது. உண்டு என்றே தெரிந்தது.

திருடனும் மிஷினும்

திருப்பூரில் தொழிலாளியின் சம்பளம் பாங்கியில் விழுகிறது. முதலாளியின் ஆர்டர் இன்டர்நெட்டில் வருகிறது. இரண்டுக்கும் பூட்டு, பாஸ்வேர்டு.

ஓர் இடத்தில் திருடிய பாஸ்வேர்டை, திருடன் நூறு இடத்தில் போட்டுப் பார்க்கிறான். அதை அவனுக்காக மிஷினே செய்கிறது. பாஸ்வேர்டு பொருந்தினால் பூட்டு திறந்துவிடும்.

புதிய காவல்காரன் அதற்கு மேலும் பார்க்கிறான். எழுத்தை எந்த வேகத்தில் அழுத்துகிறார்? எங்கே தயங்குகிறார்? செல்போனை எப்படிச் சாய்த்துப் பிடிக்கிறார்? கை மாறினால் சந்தேகம் வந்துவிடும்.

2025 செப்டம்பரில் ரிசர்வ் பாங்கி ஒரு விதி வெளியிட்டது. அமுல் தேதி 1-4-2026. பணம் அனுப்ப இரண்டு அடையாளம் வேண்டும். ஆபத்து தெரிந்தால் வாடிக்கையாளரின் பழக்கத்தையும் கவனிக்கலாம் என்கிறது அந்த விதி.

வேண்டியதுதான், ஆனால்...

கட்டிங்கில் விரல் வெட்டுப்பட்டுக் கட்டுப் போட்டவர் இருக்கிறார். நைட் ஷிப்ட் முடிந்து கண் சொருகுகிறவர் இருக்கிறார். ஒரே போனைக் கணவனும் மனைவியும் வைத்திருக்கும் வீடும் உண்டு. இவர்களின் விரல் தடுமாறினால் கணக்கை முடக்குவதா? சனிக்கிழமைச் சம்பளத்தில் அரிசி வாங்க வேண்டியவர் என்ன செய்வார்?

காவல்காரன் சந்தேகப்படட்டும். தீர்ப்புச் சொல்ல வேண்டாம். இன்னொரு அத்தாட்சி கேட்கட்டும். அதைத் தமிழில் கேட்கட்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தைக்கிறவர்களிடம் அவர்கள் மொழியில் கேட்கட்டும்.

விரல் பழக்கம் நம்முடைய சொந்தச் சொத்து. எதற்காகச் சேர்க்கிறோம் என்று சொல்லிவிட்டே பாங்கிகள் அதைச் சேர்க்க வேண்டும். பாஸ்வேர்டு திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம். கைப்பழக்கத்தை மாற்ற முடியுமா?

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. "பாங்கியிலிருந்து பேசுகிறேன்" என்று சொல்கிறவனை நம்பி, நீங்களே பணத்தை அனுப்பினால், விரல் உங்களுடையதுதான். காவல்காரன் ஏமாந்துபோகலாம். ரகசிய எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு போன் செய்யுங்கள்.

பூட்டு எத்தனை இருந்தாலும், சாவியை நாமே நீட்டக் கூடாது!