குளோரின் வாடை யாரைக் காட்டிக்கொடுக்கிறது?

குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை தூக்கலாக இருந்தால், குளோரினை அள்ளிக் கொட்டிவிட்டார்கள் என்று சலித்துக்கொள்வது நம் வழக்கம். ஆனால் முன்பு ஆற்று நீரையும் கிணற்று நீரையும் நம்பிய தோட்டப்புறங்களில், வயிற்றுப்போக்கும் டைபாய்டும் தண்ணீரோடுதான் பரவின. நம் நெகிரி செம்பிலானில் ராசாவைச் சுற்றிய தோட்டங்கள் உட்பட தீபகற்ப மலேசியாவில், தொழிலாளர் குடியிருப்புக்குப் பொதுக் குழாய் நீரை இலவசமாகத் தரும் கடமையை முதலாளிக்கு விதித்தது 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம். அந்த நீருக்குக் காவல், அதில் மிஞ்சி நிற்கும் குளோரின். சுத்திகரிப்பு நிலையத்தில் கிருமி செத்தால் மட்டும் போதாது. வழியில் குழாய் விரிசலில் புகுவதும் சாகவேண்டும். அதனால்தான் லிட்டருக்கு 0.2 முதல் 5 மில்லிகிராம் வரை குளோரின் எஞ்சியிருக்கவேண்டும் என்கிறது சுகாதார அமைச்சு.

குளோரினால் புற்றுநோய் வராதா என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. நீரிலுள்ள இலைதழை மக்கோடு குளோரின் சேர்ந்தால் குளோரோஃபார்ம் போன்றவை உண்டாவதை 1974-இல் நெதர்லாந்தின் யோகான்னஸ் ரூக் எடுத்துக்காட்டினார். ஆனால் அந்த ஆபத்து, கிருமி நீக்காத நீரின் ஆபத்துக்கு முன் மிகச் சிறியது என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலை. கனடாவின் வாக்கர்டன் ஊரில் 2000-ஆம் ஆண்டு குளோரின் போதாமல் போனதால் ஏழு பேர் இறந்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயில் விழுந்தார்கள். கொதிக்கவைத்துத்தானே குடிக்கிறோம் என்றால், பல் துலக்குவதும் கீரை அலசுவதும் கொதிக்காத நீரில்தானே?

மூக்கைத் துளைக்கும் அந்த வாடை பெரும்பாலும் குளோரின் மிகுந்ததால் வருவதில்லை. கழிவிலிருந்து வரும் அமோனியாவோடு அது கலந்ததால் வருகிறது. ஒரு பங்கு அமோனியாவைத் தீர்க்க எட்டு முதல் பத்துப் பங்கு குளோரின் செலவாகும். ஆறு கெடக் கெட மருந்தும் ஏறும், குளோரோஃபார்ம் போன்ற துணைப்பொருளும் ஏறும். ஓரளவுக்கு மேல் மருந்தும் தோற்கும்: 2016-இல் செமினி ஆற்றில் துர்நாற்றக் கழிவு கலந்தபோது நிலையத்தை மூடுவதைத் தவிர வழியில்லாமல் போனது. கழிவு வந்தது நம் மாநிலத்து நீலாய் பக்கத்திலிருந்து என்று அதிகாரிகள் சொன்னார்கள். குழாய் வறண்டதோ சிலாங்கூரில். ஆகவே குளோரினைக் குறை என்று கேட்பது வீண். லிங்கி உட்பட நாம் குடிக்கும் ஆறுகளில், நீர் எடுக்கும் இடத்தின் அமோனியா அளவையும் குழாயடியின் குளோரின் அளவையும் வாரந்தோறும் அருகருகே வெளியிடு என்று மாநில அரசைக் கேட்கவேண்டும். வாடைக்கு யார் பொறுப்பு என்பதை அந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.