எத்தனை மூட்டைப்பா?

"வர்ற ஞாயிறு தளம் போடறோம். சிமென்ட் எத்தனை மூட்டை சொல்லணும்?" அப்பா இப்படிக் கேட்டா, 'மேஸ்திரிகிட்டயே கேளுங்கப்பா'னு செல்போனோடு எஸ்கேப் ஆகிற ஆளா நீங்க? ஒரு நிமிஷம் பாஸ்! வீட்டுக் கடன் அப்பா தலையில. கணக்காவது உங்க தலையில இருக்கட்டுமே! சிவில்தான் படிக்கணும்னு இல்லை. பத்தாங்கிளாஸ் கன அளவு போதும்.

வீடு 20-க்கு 40, அதாவது 800 சதுர அடி. தளத்தின் கனம் 5 இன்ச். அவசரப்பட்டு 800-ஐ 5-ஆல் பெருக்கிடாதீங்க! இன்ச்சை அடியாக்க 12-ஆல் வகுக்கணும். ஆக, 333 கன அடி.

இதோட முடிஞ்சுதுன்னு நினைச்சா, அங்கேதான் பெரிய வழுக்கல். 333 என்பது இறுகி நிக்கிற கான்கிரீட்டோட அளவு. ஜல்லியையும் மணலையும் உலர்ந்தபடி அளக்கும்போது இடுக்கெல்லாம் காத்து. கலந்ததும் ஜல்லி இடுக்குல மணலும், மணல் இடுக்குல சிமென்ட்டும் இறங்கி மொத்தமும் சுருங்கிடும். அதனால 1.54-ஆல் பெருக்குங்க. 513 கன அடி!

கலவை 1:1½:3. பங்குகளைக் கூட்டினா 5½. 513-ஐ அதால வகுத்தா சிமென்ட் 93 கன அடி. 50 கிலோ மூட்டை சுமார் 1¼ கன அடி. ஆக, 75 மூட்டை. மணல் 140 கன அடி, ஜல்லி 280. ஒரு யூனிட்னா 100 கன அடி. அதனால மணல் 1.4 யூனிட், ஜல்லி 2.8 யூனிட். சிந்துறது, சிதறுறதுக்கு 5 சதவிகிதம் சேர்த்து 80 மூட்டையா சொல்லிடுங்க. தளத்துக்குக் கீழே இறங்குற பீமுக்குத் தனிக் கணக்கு.

1.54-ஐ மறந்தா என்ன ஆகும்? 48 மூட்டைதான் வந்திருக்கும். மதியம், மூணுல ரெண்டு பங்கு தளம் முடியறப்போ சிமென்ட் காலி! ஞாயித்துக்கிழமை, கடை பூட்டு. மிச்சத்தை மறுநாள் போட்டா, பழசும் புதுசும் சரியா ஒட்டாது. அந்தக் கோட்டை நீங்க மறந்துடலாம்... ஐப்பசி மழை மறக்காது. ஒழுகறது உங்க கட்டிலுக்கு மேலயாகூட இருக்கலாம்.

மேஸ்திரி சொல்ற நம்பரும் உங்க நம்பரும் மோதினா, சண்டை வேணாம். "கனம் எத்தனை இன்ச்ணே? கலவை என்னண்ணே?"னு கேளுங்க. அவர் அனுபவமும் உங்க பேப்பரும் ஒரே இடத்துல வந்து நின்னா, சனிக்கிழமை ராத்திரி அப்பா நிம்மதியா தூங்குவார்!