கேஷ்பேக் கார்டு: 5% யாருக்கு, 1% யாருக்கு?

தாம்பரம் சண்முகம் சாலையில் கடை கடையாக ஏறி வாங்கும் குடும்பத்துக்கும், சேலையூரில் வீட்டிலிருந்தபடியே எல்லாவற்றையும் ஆன்லைனில் வரவழைக்கும் குடும்பத்துக்கும் ஒரே கேஷ்பேக் கார்டு ஒரே லாபத்தைத் தராது.

2022-ல் வந்த எஸ்பிஐ கேஷ்பேக் கார்டையே எடுத்துக்கொள்ளலாம். ஆன்லைன் செலவுக்கு 5%, கடையில் தேய்த்தால் 1% என்றுதான் அது அறிமுகமானது. ஆண்டுக் கட்டணம் 999 ரூபாய். 18% ஜிஎஸ்டியோடு சுமார் 1,179. அதை மீட்க ஆன்லைனில் 23,600 ரூபாய் செலவு போதும். கடையில் மட்டும் தேய்ப்பவருக்கு 1.18 லட்சம் ஆகும். ஆண்டுக்கு 2 லட்சம் செலவழித்தால் கட்டணம் தள்ளுபடி. அதற்காகத் தேவையில்லாததை வாங்கினால் கையைக் கடிக்கும்.

பெரிய செலவுகளில்தான் சிக்கல். வாடகை, பெட்ரோல், பள்ளிக் கட்டணம், இன்ஷூரன்ஸ், நகை ஆகியவற்றுக்குப் பல கார்டுகளில் கேஷ்பேக் கிடையாது. மாத உச்சவரம்பும் உண்டு. இதே எஸ்பிஐ கார்டில் 10,000 ரூபாயாக இருந்த வரம்பு 2023 மே மாதம் 5,000 ஆகக் குறைந்தது.

எல்லாவற்றையும்விட ஆபத்து, ‘மினிமம் டியூ’ மட்டும் கட்டுவது. மாத வட்டி 3.75% என்றால், 10,000 ரூபாய் பாக்கிக்கு ஒரு மாதத்தில் ஜிஎஸ்டியோடு 442 ரூபாய் போகும். கடையில் தேய்த்த அந்த 10,000-க்கு வந்த கேஷ்பேக் வெறும் 100. பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடைக்காது.

ஆகவே, முழு பில்லுக்கும் ஆட்டோ டெபிட் போட்டுவிட்டு, கடந்த 3 மாதச் செலவில் ஆன்லைன் எவ்வளவு என்று பார்த்த பிறகே கார்டைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மாதாமாதம் முழுசா கட்ட முடியாதவருக்கு எந்த கேஷ்பேக் கார்டும் லாபமில்லை.