வாயிலில் வழி எங்கே?

ஒரு வீட்டாரின் அறிவை அளந்தறிய விரும்புவோர் அவர்தம் கூடத்தைக் காண வேண்டுவதில்லை. கொலு வைத்திருக்கும் பேழையையும் எண்ண வேண்டுவதில்லை. வாயிலருகே ஒரு நிமிடம் நின்றால் போதும். எதற்கு இடம் தந்தனர், எவருக்கு இடம் மறுத்தனர் என்ற கணக்கு அங்கே அப்பட்டமாய் எழுதப்பட்டிருக்கும்.

முதலில் அண்ணாந்து பார்ப்போம். நிலையின் நெற்றியிலே எலுமிச்சையும் மிளகாயும் கோத்த கயிறு. அதனருகே கறுப்புக் கயிற்றில் தொங்கும் படிகாரக் கட்டி. குதிரையின் குளம்பைக் காக்கவேண்டிய லாடம், குதிரையே இல்லாத வீட்டின் கதவைக் காத்துக்கொண்டிருக்கிறது! நாக்கை நீட்டி, விழியை உருட்டி, கோரைப்பல் காட்டும் அரக்கன் முகம் ஒருபுறம். 'என்னைப் பார், யோகம் வரும்' என்று எழுதிய கழுதைப் படம் மறுபுறம். கழுதையைக் கண்டால் யோகம் வருமென்றால், காலையும் மாலையும் கழுதையோடு நடந்து, கரை ஏறாத வாழ்வு வாழ்ந்த சலவைத் தொழிலாளத் தோழர் அல்லவோ மாடமாளிகையில் வாழ்ந்திருக்க வேண்டும்? கேட்டால் சிரிப்பர், சிரித்துவிட்டுப் படத்தை நேராக்கி மாட்டுவர்.

இனிக் குனிந்து பார்ப்போம். நால்வர் வாழும் வீட்டின் வாயிலிலே பதினான்கு இணைச் செருப்புகள். அவற்றுள் பாதி, வார் அறுந்தவை. கம்பி ஒடிந்த குடை. காற்றிழந்த பந்து. சென்ற அடைமழையில் ஊறி, இன்னும் மணம் மாறாத சாக்கு மிதியடி. சங்கிலி கழன்ற மிதிவண்டி. கட்டுக்கட்டாய்ப் பழைய செய்தித்தாள். கைப்பேசியில் வாங்கிய பொருள்கள் வந்திறங்கிய அட்டைப்பெட்டிகள். மணம் முடிந்து, மணமக்களுக்குக் குழந்தை பிறந்து, குழந்தையும் நடக்கத் தொடங்கிய பின்னரும் சன்னல் விளிம்பை விட்டு அகலாத திருமண அழைப்பிதழ்!

மேலே, கண்ணுக்குத் தெரியாத பகைக்கு ஐந்து காவல். கீழே, கண்ணெதிரே வரும் மனிதன் கால் வைக்க ஓரடி இடமில்லை. அச்சத்துக்கு ஆணி அடித்து இடம் கொடுத்தோம். ஆளுக்கு இடம் வைக்க மறந்தோம். இதுவே நம் வழக்கு. இதையே நாம் மன்றத்தின் முன் வைக்கிறோம்.

இல்வாய் என்பதே முன்பின் மாறி வாயில் என நின்றது என்று பள்ளியிலே இலக்கணப் போலிக்கு எடுத்துக்காட்டாகப் படித்தோம். இல்லத்தின் வாய் அது. மூச்சும் உணவும் புகும் வாயிலே முடியும் முடிச்சும் அடைத்துவைத்தால் உடல் என்னாகும்? அதுவே இல்லத்துக்கும் ஆகும்.

நம் பழந்தமிழர் வாயிலை எவ்வாறு எண்ணினர்? குறுந்தொகையின் 118ஆம் பாடல், நன்னாகையார் பாடியது, ஒரு வழக்கத்தைக் காட்டுகிறது. இரவு வந்து கதவடைக்கும் வேளையில், உள்ளே வரவேண்டியவர் வெளியே எவரேனும் உள்ளனரோ என்று கேட்ட பின்னரே அடைப்பராம். தலைவன் வரவில்லையே என்று ஏங்கும் தலைவியின் பாட்டு அது. எனினும் அந்த ஏக்கத்தின் ஊடே ஒரு பண்பு ஒளிவிடுகிறது: கதவை மூடும்போதும் மனிதரை நினை! இன்றோ, கதவைத் திறக்கும்போதே மனிதரின் கண்ணை நினைத்து நடுங்குகிறோம். 'கண்ணேறு பட்டுவிடும்' என்கிறோம். வருகிறவர் எல்லாரும் பொறாமைக்காரர் என்ற முடிவோடு கட்டப்படும் எலுமிச்சம்பழம், விருந்தினரை வரவேற்கும் மொழியா? வீட்டுக்கு வந்தவர் முகத்திலே விட்டெறியும் ஐயம் அல்லவா?

பழைமை முழுதும் பொன் என்று பாடவும் நாம் முன்வரவில்லை. திண்ணையின் பெருமை பேசுவோர் பலர். வழிநடந்து வந்தவன் திண்ணையிலே முதுகு சாய்த்தான், உண்மை. திண்ணைப் பள்ளியிலே பிள்ளைகள் மணலில் எழுத்துப் பழகினர், அதுவும் உண்மை. ஆனால், எந்த வழிப்போக்கன்? எவர் வீட்டுப் பிள்ளைகள்? ஒருவன் கூடம் வரை வரலாம். மற்றொருவன் திண்ணையோடு நிற்க வேண்டும். இன்னொருவன் தெருவிலே நின்று குரல் கொடுக்க வேண்டும். சாதிக்கு ஓர் எல்லைக்கோடு வீட்டு வாயிலிலே கீறப்பட்டிருந்தது. சில தெருக்களிலே காலில் செருப்பணிந்து நடக்கும் உரிமைகூட உழைக்கும் மக்களுக்கு மறுக்கப்பட்டது. கழற்றிக் கையிலே ஏந்திச் சென்ற கொடுமையை நாடறியும். அந்தக் கோடு முற்றாய் அழிந்துவிட்டதா? வீட்டு வேலைக்கு வரும் அம்மையாரைப் பின்வழியே வரச்சொல்லும் இல்லங்கள் இன்றும் இல்லையா? அடுக்குமாடியிலே அவருக்கென வேறு மின்தூக்கி ஒதுக்கும் நாகரிகச் சீமான்கள் இல்லையா?

செருப்புக் குவியலுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு, தோழர்களே! தோலைத் தொட்டவனைத் தாழ்த்திய சமுதாயம், தோலால் ஆன பொருளையும் தாழ்த்திற்று. முள்ளிலும் வெயிலிலும் நம்மைச் சுமந்த பொருளுக்கு வசைமொழியிலே இடம் தந்தது. வீட்டிலே இடம் தரவில்லை. 'செருப்புக்கு ஓர் அலமாரியா?' என்று முகம் சுளிப்பவர், கழுதைப் படத்துக்குச் சட்டம் போடக் கூசுவதில்லை. மூன்று பலகையும் நான்கு காலும் கொண்ட சிறு தட்டு ஒன்று போதும். இடைவெளி விட்ட சட்டங்களாய் இருக்கட்டும். நனைந்தவை காற்றாட உலரும். தினம் அணிவது கீழ்த்தட்டில். என்றோ அணிவது மேல்தட்டில். வார் அறுந்ததைத் தெருமுனையில் அமர்ந்திருக்கும் காலணித் தொழிலாளரிடம் கொடுத்து, பேரம் பேசாமல் கூலி தந்து தைத்து வாங்குங்கள். தைக்க முடியாததை விடை கொடுத்து அனுப்புங்கள்.

அச்சத்தின் பொருட்டு வைத்த காவல், ஆபத்தாய் முடிவதையும் காண்கிறோம். கண்ணேறு கழிக்கவென்று கண்ணாடிக் குவளையில் நீர் ஊற்றி எலுமிச்சையை மிதக்கவிடுகின்றனர். செல்வம் சேருமென்று உருளியில் நீர் நிரப்பிப் பூ மிதக்கவிடுகின்றனர். குடுவையில் நீர் வைத்து மணிபிளாண்டு கொடி வளர்க்கின்றனர். அந்த நீரை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுகின்றனர்? டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிசு கொசுவுக்குச் சாக்கடை வேண்டுவதில்லை. தெளிந்த சிறு நீரே போதும். பாத்திரத்தின் உட்சுவரிலே முட்டையிடும். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். நீர் வற்றினாலும் அம்முட்டை பல மாதங்கள் உயிரோடிருக்கும். பகலிலேதான் அது கடிக்கும். வாயிலோரத்து உடைந்த தொட்டியும், தேங்காய்ச் சிரட்டையும், பழைய உருளிப்பட்டையும் அதற்கு அரண்மனை!

செகந்தராபாத்திலே, 1897 ஆகஸ்டு 20ஆம் நாள், ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றிலே மலேரியாக் கிருமியைக் கண்டார். இந்த மண்ணிலே, நுண்ணோக்கியின் துணைகொண்டு கண்ட உண்மை அது. நூற்றாண்டு கடந்தும், கொசுவுக்கு நீர் வைத்துவிட்டுக் கண்ணேற்றுக்குப் பூசணி கட்டுவோமானால், கண் இருந்து என்ன பயன்? வாரம் ஒருமுறை நீரைக் கொட்டி, உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். அதுவே திருஷ்டி கழிப்பு!

அடுத்து, காலைக் காப்போம். வாயிற்படியில் உட்காராதே, படியில் நின்று கொடுக்காதே, வாங்காதே என்று ஆயிரம் விதி செய்தவர்கள், அந்தப் படியிலே பாட்டி தடுக்கி விழுவாளே என்று ஒரு விதி செய்ததுண்டா? இரவிலே எழுந்துவரும் முதியவருக்கு, மடங்கிய மிதியடி ஒரு கண்ணி. வழியில் கிடக்கும் மின்கம்பி ஒரு சுருக்கு. வாயிலிலே வெளிச்சம் தரும் விளக்கு வேண்டும். பிடித்து இறங்க ஒரு கைப்பிடி வேண்டும். அமர்ந்து செருப்பணிய ஓர் இருக்கை வேண்டும். சக்கர நாற்காலியில் வருவோரும் மனிதரே. அவருக்கு 90 சென்டிமீட்டர் அகலத்தில் தடையற்ற வழி வேண்டும். படிக்குப் பதில் சாய்தளம் அமைப்பதாயின், ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது கணக்கு. அரையடிப் படிக்கு ஆறடி போதும். வாயிலை எத்திசைக்குத் திருப்புவது என்று வாஸ்துக்காரருக்குப் பணம் கட்டியவர், இந்த ஆறடிக்கு ஒரு கொத்தனாரை அழைக்கக் கூடாதா?

'மாவிலைத் தோரணமும் ஆகாதோ? கோலமும் ஆகாதோ?' என்று கேட்கக்கூடும். அழகுக்கு நாம் பகைவரல்லர். பசுந்தழை கட்டுங்கள்; கண் குளிரும். ஆனால் பொங்கலுக்குக் கட்டியது ஆடி வரை சருகாய்த் தொங்கினால் அது தோரணமா, துப்புரவின்மைக்குச் சூட்டிய மாலையா? கோலம் கைவண்ணம், விரும்புவோர் இடட்டும். ஆயின், விடியுமுன் எழுந்து, பெருக்கி, தெளித்து, குனிந்து கோலமிடுவது மனைவியின் கடமை; எழுந்து வந்து, கோலத்தின்மீது செருப்பை உதறிவிட்டுச் செய்தித்தாள் விரிப்பது கணவனின் உரிமை என்றால், அந்த நீதியை எந்தச் சாத்திரம் சொன்னாலும் நாம் ஏற்கோம்! மேடையிலே பெண் விடுதலை முழங்கிவிட்டு நள்ளிரவில் வீடு திரும்பும் தோழனே, நீ கழற்றி எறியும் செருப்பை ஒழுங்காய் வைப்பது யார்? உன் முழக்கத்துக்கு முதல் தேர்வு உன் வாயிலிலே நடக்கிறது.

வாயிலின் பெயர்ப்பலகையையும் படித்துப் பாருங்கள். 1929இல் செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மாநாட்டில் சாதிப்பட்டத்தைத் துறக்கத் தீர்மானித்தனர். பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டுமென்றும் தீர்மானித்தனர். அறுபது ஆண்டு கழித்து, 1989இல், அவ்வுரிமை தமிழ்நாட்டில் சட்டமாயிற்று. சட்டம் வந்தும் பலகை மாறவில்லை! வீட்டுக்கடனில் பாதி கட்டும் பெண்ணின் பெயர் மின்கட்டண அட்டையிலும் இல்லை, வாயிற்பலகையிலும் இல்லை. சாதிவாலை வெட்டி, இருவர் பெயரும் எழுதுங்கள். ஒரு குவளை வண்ணத்துக்கும் ஒரு தூரிகைக்கும் எவ்வளவு செலவாகிவிடும்?

'இடமில்லை' என்பர் சிலர். ஓரறை வீட்டில் வாழும் ஏழைத் தோழர் அதைச் சொன்னால் தலைவணங்குகிறோம். அவருக்கு வேண்டியது அறிவுரை அன்று, வீடு. எனினும் சுவரில் அடித்த நான்கு ஆணி தரையைத் தின்பதில்லை; ஓர் ஆணி குடைக்கு, ஓர் ஆணி சாவிக்கு, ஓர் ஆணி பைக்கு, தாழ்வாய் அடித்த ஓர் ஆணி பள்ளிப்பிள்ளையின் புத்தக மூட்டைக்கு. இடமிருந்தும் 'இல்லை' என்போரே நமக்கு எதிரி. அவர்களுக்கு இல்லாதது இடமா, எறியும் துணிவா?

'நாட்டிலே எத்தனையோ துன்பம். செருப்புத்தட்டைப் பற்றி ஓர் ஏடு எழுதுவதா?' என்று நகைப்போரும் உண்டு. நாட்டைத் திருத்தப் புறப்படுவோர் வீட்டை விட்டு இறங்கும் இடம் எது? வாயில்தானே! அங்கேயே மடமையின் கயிற்றுக்குக் கீழே தலைகுனிந்து, சோம்பலின் குவியலைத் தாண்டிக் குதித்து வெளியேறுகிறவன், வீதியிலே எந்த மூடநம்பிக்கையை வெல்லப்போகிறான்?

எனவே, இளைஞர்களே, வருகின்ற ஞாயிற்றுக்கிழமை காலை, ஆண்களே முன்னின்று தொடங்குங்கள். வாயிலில் உள்ள அனைத்தையும் வெளியே எடுங்கள். ஒன்றும் மிஞ்ச வேண்டா. மூன்று குவியல் போடுங்கள்: நாளும் வேண்டுவது, என்றேனும் வேண்டுவது, என்றுமே வேண்டாதது. முதற்குவியலுக்கு மட்டுமே வாயிலில் இடம். இரண்டாவது உள்ளே பரணுக்குப் போகட்டும். மூன்றாவது, பழைய தாள் கடைக்கும் குப்பை வண்டிக்கும் போகட்டும். லாடமும், அரக்கன் முகமும், கழுதைப் படமும் அந்தக் குவியலில் சேரட்டும். தாயோ பாட்டியோ தடுத்தால் சினந்து பறிக்காதீர்; அமர்ந்து பேசுங்கள். அவர்களுக்கு அந்த அச்சத்தைக் கற்பித்தது நூற்றாண்டுகளின் சூழ்ச்சி. ஒரு ஞாயிற்றில் வென்றுவிட வேண்டியதில்லை. கொசு வளர்க்கும் குவளையை முதலில் கொட்டுங்கள்; கயிறு பின்னர்த் தானே அவிழும். சுவருக்கு வெண்சுண்ணம் பூசுங்கள். இருண்ட நடையும் ஒளிபெறும்.

துடைத்த அந்த இடத்திலே ஒரு பலகை இருக்கையும், ஒரு பானைத் தண்ணீரும் வையுங்கள். உச்சிவெயிலிலே நம் பசிக்கு உணவு சுமந்து வண்டியில் வரும் இளைஞன், கம்பிக்கதவுக்கு வெளியே நின்று வியர்வை துடைக்கிறான். தூய்மைப் பணியாளத் தோழியர் கையேந்தித் தண்ணீர் கேட்கின்றனர். அவர்கள் எவர் என்று கேளாமல், எந்தக் குலம் என்று எண்ணாமல், அமரச் சொல்லுங்கள்; நாம் பருகும் குவளையிலேயே நீர் கொடுங்கள்.

அன்றைக்குத்தான் அந்த வாயில் துப்புரவாயிற்று என்று நாம் ஒப்புக்கொள்வோம்.