குழிக்குள் செத்தவன் எந்தத் துறை?

அந்த அக்காவோடு ஆறு மாசம் அலைந்தேன். புருசன் கழிவுநீர்த் தொட்டிக்குள் விஷவாயு தாக்கிச் செத்துப்போனவர். நகராட்சியில் கேட்டால், "அவரு எங்க ஆளு இல்லம்மா, காண்ட்ராக்டர் ஆளு" என்றார்கள். காண்ட்ராக்டர், "நான் இறங்கச் சொல்லல, அவராத்தான் இறங்கினாரு" என்றான். கலெக்டர் ஆபீசில், "எஃப்.ஐ.ஆர்.ல அந்தச் சட்டமே போடலியே, ஸ்டேசனுக்குப் போங்க." ஸ்டேசனில், "நகராட்சியிலேருந்து கடுதாசி வரணும்." அக்கா ஒருநாள் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். "தம்பி, அவரு எந்த ஆபீசுக்குச் சேர்ந்த பொணம்னு கண்டுபிடிக்கிறதுக்குள்ள என் ஆயுசு போயிரும்போல."

எம்.ஏ. தமிழ் படித்த எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. பிறகுதான் சட்டத்தை எடுத்துப் படித்தேன்.

'திட்டமெல்லாம் நல்ல திட்டந்தான், அமல்படுத்துறதுலதான் கோளாறு' என்று நம் அறிவாளிகள் சொல்வார்கள். கோளாறு இல்லை தோழர்களே, அது ஒரு ஏற்பாடு. அந்த ஏற்பாடு டெல்லியிலேயே தொடங்குகிறது.

கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்து 1993இல் சட்டம் வந்தது. உலர் கக்கூசுகளை மாற்றும் வேலை நகர்ப்புற அமைச்சகத்துக்கு. அள்ளியவர்களுக்கு மறுவாழ்வு தரும் வேலை நலத்துறை அமைச்சகத்துக்கு. ஒரே மனுசி. அவள் தலையிலிருந்த கூடையை ஒரு அமைச்சகம் பார்த்தது, வயிற்றை இன்னொன்று பார்த்தது. விடுதலைக்கும் மறுவாழ்வுக்கும் தொடர்பே இல்லாமல் திட்டம் நடந்ததை 2003இல் மத்திய தணிக்கைத் துறையே எழுதியது. அதற்குள் பத்து வருசம் போய்விட்டது.

2013இல் புதுச்சட்டம். பாதுகாப்பில்லாமல் ஒருவரைச் சாக்கடைக்குள் இறக்கினால் முதல் குற்றத்துக்கே இரண்டு வருசம்வரை சிறை, இரண்டு லட்சம்வரை அபராதம். கேட்க நல்லாத்தான் இருக்கிறது. மலம் அள்ளுகிறவர்கள் எத்தனை பேர் என்று நகரத்தில் கணக்கெடுப்பது யார்? நகராட்சி. ஆளை வைத்து அள்ளவிடுவது யார்? அதே நகராட்சி, அதன் காண்ட்ராக்டர். 'எங்க ஊர்ல இருக்காங்க' என்று எழுதினால் தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். எந்தக் கமிஷனர் எழுதுவான்? திருடனையே களவுக்கணக்கு எழுதச் சொன்ன கதை இது.

மாவட்டத்துக்குக் கலெக்டர் தலைமையில் விழிப்புக்குழு. மாநிலத்துக்கு முதலமைச்சரோ அவர் நியமிக்கும் அமைச்சரோ தலைமை வகிக்கும் கண்காணிப்புக்குழு, ஆறு மாசத்துக்கு ஒருமுறையாவது கூடணும். கூடாவிட்டால்? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவில், வேண்டுமென்றே கடமை தவறும் அதிகாரிக்கு ஆறு மாசத்திலிருந்து ஒரு வருசம்வரை சிறை உண்டு. அந்த மாதிரி ஒரு பிரிவு இதில் இல்லை. எழுதியவர்களுக்குத் தெரியாதா? தெரியும். வேலை நடக்காவிட்டால் எந்த மேசைக்கும் நட்டமில்லை. குழிக்குள் இருப்பவனுக்குத்தான் உயிர் நட்டம்.

2021 ஜூலையில் சமூகநீதி இணையமைச்சர் மாநிலங்களவையில் சொன்னார்: கடந்த ஐந்தாண்டில் கையால் மலம் அள்ளியதால் சாவு எதுவும் பதிவாகவில்லையாம். அதே அமைச்சகம்தான் அதே வருசம் பிப்ரவரியில், சாக்கடையிலும் மலத்தொட்டியிலும் ஐந்தாண்டில் 340 பேர் செத்ததாக மக்களவைக்குக் கணக்குக் கொடுத்தது. பொய்யா? இல்லை, இன்னும் மோசம். செத்தவர்களை 'அபாயகரமான துப்புரவு' என்ற வேறு கட்டத்தில் போட்டுவிட்டார்கள். நம் சனங்களைச் சுடுகாட்டில் மட்டுமா பிரித்து வைத்தார்கள்? படிவத்திலும் பிரித்து வைக்கிறார்கள்.

1993க்குப் பின் இப்படிச் செத்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் பத்து லட்சம் கொடு என்று உச்சநீதிமன்றம் 2014இல் சொன்னது. 2023இல் சாக்கடைச் சாவுக்கு அதை முப்பது லட்சமாக்கியது. தீர்ப்பு உயர்ந்தது, அலைச்சல் குறையவில்லை.

இனி மனுக் கொடுக்கும்போது 'ஆவன செய்யுமாறு' என்று பொதுவாக எழுதாதீர்கள். ஒவ்வொரு சாவுக்கும் பொறுப்பான அதிகாரி யார் என்று எழுத்தில் கேளுங்கள். கணக்கெடுப்பை நகராட்சியிடமிருந்து பிடுங்கித் துப்புரவுத் தொழிலாளர் சங்கங்கள் உட்கார்ந்திருக்கும் குழுவிடம் கொடுக்கச் சொல்லுங்கள். கூட்டம் கூட்டாத கலெக்டரைத் தண்டிக்கச் சட்டத்தில் இடம் கேளுங்கள்.

'துறை பரிசீலித்து வருகிறது' என்பார்கள். துறை கையெழுத்துப் போடாது, ஆள்தான் போடணும். அந்த ஆள் யார்? பேரைச் சொல்லு.